வெளிச்சம் என்னும் கசிவு

சவேலி இக்னாத்திச் செய்த லேசர் நூறு பங்கு மின்சாரத்தைத் தின்றது. அதில் ஒரு பங்கை ஒன்பதாக வகுத்தால் என்ன வருமோ, அதை மட்டும் ஒளியாகத் திருப்பித் தந்தது. மிச்சம் முழுக்கச் சூடு. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே யானை வயிறாரத் தின்றுவிட்டுச் சோளப்பொரியை ஈன்றது.

இதில் சவேலிக்கு வெட்கம் ஏதும் கிடையாது. நைட்ரஜன் வாயுவின் சுபாவம் அப்படி. மின்தேக்கிகளில் இருபதாயிரம் வோல்ட்டைச் சேர்த்து வைத்து, கண் இமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குக்குள் அதை வாயுவுக்குள் அவிழ்த்துவிட வேண்டும். வாயு மனம் வைத்தால் ஒரு புற ஊதாக் கதிர் எந்திரத்தின் கண்ணாடி ஜன்னல் வழியே வெளியே பாயும். கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக் காகிதத்தை நீட்டினால் காகிதம் நீலமாக ஒளிரும். அந்த நீலத்தைப் பார்ப்பதற்காகவே அவன் பதினோரு வருஷமாக சைபீரியாவில் எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், ஒழுகும் குழாய்க்குப் பக்கத்து அறையில், வாயைத் திறக்காமல் வேலை பார்த்தான். வாயைத் திறக்காதவரை யாரும் அவனைத் தொந்தரவு செய்யவில்லை.

செப்டம்பரில் ரிம்மா கவ்ரிலவ்னா அவனைத் தேடி வந்தாள். ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளிப் பைன்காட்டுக்குள் இருக்கும் காசநோய் மருத்துவமனையில் அவள் மருத்துவர். ரப்பர் பூட்ஸில் சேறு, கையில் ஒரு பத்திரிகை நறுக்கு. நுரையீரலில் விழுந்த குழிக்குள் இந்த ஊதாக் கதிரை மெல்லிய கண்ணாடி இழை வழியாகச் செலுத்தினால் கிருமி அடங்க வாய்ப்பிருக்கிறது என்று எங்கோ சில மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள்.

"ஆறாம் வார்டுல பதினோரு பேர் இருக்காங்க. எந்த மருந்துக்கும் நோய் கேக்கல. கேக்காதுன்னு அவங்களுக்கும் தெரியும். இழை எல்லாம் வாங்கி அலமாரில வெச்சுட்டேன். கதிருதான் இல்ல."

"என் எந்திரத்தோட செயல்திறன் ரொம்பக் கம்மிங்க. புள்ளி ஒண்ணு ஒண்ணு சதவீதம்."

"நான் திறன் கேட்டேனா? கதிர் வருமான்னு கேட்டேன்."

"வரும். அதுல சந்தேகமே இல்ல."

"அப்போ பனி விழறதுக்குள்ள கொடுத்துடுங்க, சவேலி இக்னாத்திச்."

கொடுப்பதாக அவன் வாக்குக் கொடுத்துவிட்டான். எங்கள் நிறுவனத்தில் ஒரு பொறியாளன் தானாக ஒரு வாக்கைக் கொடுத்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். மற்ற வாக்குகளை எல்லாம் மேலிடம்தான் எங்கள் சார்பில் கொடுத்துவிடும்.

அந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நவம்பரில் புரட்சி ஆண்டு விழா வருவதற்கு முன் ஒவ்வொரு ஆய்வகமும் ஓர் உறுதிமொழி எடுக்கும். எடுக்கும் என்றால், கட்சிக் குழுச் செயலாளர் க்லாவ்தியா தெமீதவ்னா தன் சிவப்புக் கோப்பில் எழுதிவிட்டு வந்து கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்வாள். அந்த வருஷம் சவேலியின் பெயருக்கு எதிரே, 'வாயு லேசரின் செயல்திறனை விழாவுக்குள் ஐந்து சதவீதமாக உயர்த்துவேன்' என்று எழுதியிருந்தது. உறுதிமொழி நிறைவேறும்வரை எந்திரம் வாசலைத் தாண்டக் கூடாது என்பது விதி.

"இது நடக்காதுங்க, க்லாவ்தியா தெமீதவ்னா. நைட்ரஜன் ஒத்துக்காது."

"நைட்ரஜன் கட்சி உறுப்பினரா? அதோட சம்மதம் எனக்கெதுக்கு? இங்க கையெழுத்துப் போடுங்க."

அவன் போட்டான். பேனாவும் அவளுடையதுதான்.

அறிவியல் மன்றம் கூடியது. இயக்குநர் வெனியமின் அர்கிபவிச் நடுவில் உட்கார்ந்தார். மார்பு அகலமான மனிதர். கோட்டில் மூன்று பதக்கம். ஒரு திருகாணியைக் கடைசியாக எப்போது தொட்டார் என்பது அவருக்கே நினைவில்லை. சவேலி எழுந்து நின்று, தான் அளந்த எண்ணைச் சொன்னான். மன்றத்தில் யாரோ தும்மினார்கள்.

"தோழர்களே," என்று ஆரம்பித்தார் இயக்குநர். "புள்ளிக்கு முன்னாடி ஒரு சைபர். இந்தக் கட்டடத்துல, இந்த மேஜைல, என் முன்னாடி, ஒரு சைபர்! நான் முப்பது வருஷமா அறிவியல்ல இருக்கேன். ஒரு தடவைகூட எந்த எண்ணையும் பார்த்து நான் பயந்ததில்ல. ஏன்னா எனக்குப் பிடிக்காத எண்ணை யாரும் என்கிட்ட கொண்டு வந்ததில்ல."

கைதட்டினார்கள். நஷ்டக் குறைப்புக் குழு என்று ஐந்து பேரை நியமித்தார்கள். குழு வாரத்துக்கு இரண்டு முறை கூடியது. சவேலி எந்திரத்தின் படத்தை விரித்து வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு வீணாகிறது என்று விளக்கினான். மின்தேக்கியின் வடிவத்தை மாற்றலாம், இணைப்பைக் குட்டையாக்கலாம், அதற்கு இன்ன பீங்கான் வேண்டும் என்றான். பீங்கான் என்ற சொல்லைக் குழு கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"இந்த மின்தேக்கி யார் செஞ்சது?" என்று இயக்குநர் கேட்டார்.

"வெளியூர்த் தொழிற்சாலைங்க."

"அப்போ அதுல போற நஷ்டம் அவங்க நஷ்டம். அதை நாம ஏன் தலைல கட்டிக்கணும்? கணக்குல இருந்து வெட்டுங்க."

வெட்டினார்கள். மின்சாரத்தைத் திறந்துவிடும் பொறிச் சாவியின் நஷ்டம் உலோகத் துறைக்குப் போயிற்று. எண் புள்ளி மூன்றானது. அடுத்த கூட்டத்தில், வாயு ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பும் மின்சாரத்தைப் பிடித்தார்கள்.

"விருந்துக்குக் கூப்பிட்டோம், சாப்பிடல. சாப்பிடாத சாப்பாட்டை நாம போட்டதா எப்படிக் கணக்கு வைக்கிறது?" என்றாள் க்லாவ்தியா தெமீதவ்னா.

எண் புள்ளி எட்டு. அதற்கடுத்த வாரம், ஒளி வந்து முடிந்த பிறகும் மின்சாரம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். வேலை நேரம் முடிந்தபின் ஓடும் மின்சாரம் தன் சொந்த விருப்பத்தில் ஓடுகிறது, அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று தீர்மானம் போட்டார்கள். இரண்டு புள்ளி இரண்டு. பிறகு, லேசர் சுடும் ஆயிரம் துடிப்பில் ஆயிரத்தையும் ஏன் அளக்க வேண்டும், தொழிலாளர்களில் முன்னணியாளர் இருப்பதுபோல் துடிப்புகளிலும் இருக்காதா என்று கேள்வி வந்தது. ஆயிரத்தில் மிகப் பிரகாசமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் துடிப்பின் புகைப்படத்தை, திரையில் ஒரு கூரான கோடு, முன்கூடத்துக் கௌரவப் பலகையில் கடைசல்காரர் ஒருவருக்கும் உணவகச் சமையல்காரிக்கும் நடுவில் மாட்டினார்கள். நான்கு புள்ளி ஒன்று.

சவேலி கையைத் தூக்கினான். "மன்னிக்கணும், வெனியமின் அர்கிபவிச். எந்திரம் அப்படியேதானே இருக்கு?"

"எந்திரம் மாறணும்னு யாருய்யா சொன்னா? எந்திரத்தை மாத்தறது சுலபம், அதைச் சின்னப் பொறியாளன்கூடச் செய்வான். எண்ணை மாத்தறதுக்குத்தான் ஒரு நிறுவனம் வேணும்."

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. முகத்தில் உண்மையான பெருமை இருந்தது.

விழா வந்தது, போனது. ஐந்து எட்டவில்லை. ரிம்மா கவ்ரிலவ்னா தொலைபேசியில் கூப்பிட்டாள். கம்பியில் காற்று இரைந்தது.

"பனி விழுந்துடுச்சு, சவேலி இக்னாத்திச்."

"நாலு புள்ளி ஒண்ணு வரைக்கும் வந்திருக்கு. ஐந்து வந்தாத்தான் வெளிய விடுவாங்களாம்."

"நான் என்ன சதவீதத்தையா நுரையீரலுக்குள்ள விடப் போறேன்?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "இப்போ ஒம்போது பேர்."

அவன் ரிசீவரை வைத்தான். பிறகு இரண்டு மாடி இறங்கி லூக்கிச்சிடம் போனான். லூக்கிச் கண்ணாடி ஊதுகிறவன், ஊரில் சவேலிக்கு இருந்த ஒரே சிநேகிதன். லேசரின் ஜன்னல்களை அவன்தான் செய்தான்.

"அட மக்கு," என்றான் லூக்கிச். "அளந்ததை அளந்தபடி சொன்ன பார், அங்கதான் உன் கழுத்துல நீயே கயிறு மாட்டிக்கிட்ட. முதல் நாளே அஞ்சுன்னு சொல்லியிருந்தா, எந்திரம் இந்நேரம் அந்தம்மா கைல இருந்திருக்கும்."

"பொய்யாச்சேடா."

"இப்போ மட்டும் என்னத்தை வாழுது? பொய்தான். அஞ்சு பேர் சேர்ந்து, வாரத்துக்கு ரெண்டு நாள் டீ குடிச்சுக்கிட்டுச் சொல்ற பொய்."

டிசம்பரில் மாநிலக் குழுவிலிருந்து வேறொரு ஆணை வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் உணவு உற்பத்தியில் பங்கெடுக்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்துக் கணித நிறுவனம் பன்றி வளர்த்தது. எண்கோட்பாட்டுக்காரர் ஒருவர் வாளியோடு நடப்பதை எல்லோரும் பார்த்தோம். எங்களுக்கு வெள்ளரிக்காய் விழுந்தது. முற்றத்தில் கண்ணாடிக் குடில் கட்டினார்கள், விதை போட்டார்கள், முளைத்தது. முளைத்த மறுவாரம், வெளியே மைனஸ் முப்பத்தெட்டில், குடிலுக்கான வெந்நீர்க் குழாய் வெடித்தது.

இயக்குநருக்குச் சவேலியின் நினைவு வந்தது. லேசரின் சூட்டை இழுக்க அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும். சூடாகி வெளியே வரும் அந்தத் தண்ணீர் இத்தனை வருஷமும் சாக்கடைக்குத்தான் போனது. ஒரே பகலில் மூன்றாம் மாடியிலிருந்து குடிலுக்குக் குழாய் போட்டுவிட்டார்கள். பீங்கான் கேட்டு நாலு வருஷமாகக் கிடைக்காத நிறுவனத்தில் எண்பது மீட்டர் குழாய் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து லேசர் ஓயாமல் சுட்டது. எதிரே யாருமில்லை. ஊதாக் கதிர் பகல் முழுக்கச் சுவரைச் சுட்டது. சுவரின் சாயம் ஒரு வட்டமாக வெளிறிப்போயிற்று. கீழே வெள்ளரிக் கொடி கயிற்றில் ஏறியது.

ஜனவரிக் கடைசியில் காய் வந்தது. சைபீரியாவில், ஜனவரியில், வெள்ளரிக்காய்! வாசனை பிடிக்கவே ஆட்கள் முற்றத்தில் நின்றார்கள். இயக்குநரின் அறையில் முதல் காயை நறுக்கி உப்புத் தூவினார்கள். க்லாவ்தியா தெமீதவ்னா ஒரு துண்டைக் கடித்தாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"வெனியமின் அர்கிபவிச், இந்தச் சூட்டை நாம நஷ்டம்னுதானே எழுதிட்டு வர்றோம்?"

"ஆமா."

"இது நஷ்டமா?" துண்டை உயர்த்திக் காட்டினாள்.

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். ஐந்து பேர் கொண்ட குழு நான்கு மாதமாகத் தேடியது உப்போடு தட்டில் கிடந்தது. வெளிச்சத்தை மட்டும் பயன் என்று எழுதியது குறுகிய பார்வை, முதலாளித்துவ நாட்டு நூல்களிலிருந்து வந்த பழக்கம் என்று அங்கேயே தீர்மானமாயிற்று. தண்ணீருக்குள் போன சூட்டைக் கூட்டினார்கள். எந்த நஷ்டத்தையும் இப்போது வெட்ட வேண்டியிருக்கவில்லை, நேர்மையாகவே வந்தது. தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஆறு.

"பாருங்க," என்றார் இயக்குநர், கண்ணில் நீர் திரள. "உலகத்துல வேற எந்த லேசரும் இதுல பாதி, கால்வாசிகூடக் கிடையாது. ஏன்? அவங்களுக்கு வெள்ளரிக்காய் போடத் தோணல."

உறுதிமொழி இருபது மடங்கு நிறைவேறிவிட்டது. சவேலி அன்றே விண்ணப்பம் எழுதினான்: ஐந்து சதவீதம் தாண்டிவிட்டதால் எந்திரத்தை மருத்துவமனைக்குக் கொடுக்க அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை இயக்குநர் இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"தொண்ணூத்தெட்டு சதவீத எந்திரத்தை யாராவது கைவிடுவாங்களா? மாஸ்கோல இருந்து சரிபார்க்க ஆள் வருது. போய்த் தண்ணியைப் பாருங்க."

"அங்க மனுஷங்க செத்துட்டிருக்காங்க."

"எல்லா எடத்துலயும் சாவறாங்க, சவேலி இக்னாத்திச். ஜனவரில வெள்ளரிக்காய் இங்க மட்டும்தான்."

சவேலி வெளியே வந்து, மாடிப்படி வளைவில் வைத்திருந்த மணல் தொட்டியில் காறித் துப்பினான். அவன் அப்படிச் செய்கிறவனல்ல. மாலையில் தொலைபேசியில் ரிம்மா கவ்ரிலவ்னா ஒரே சொல்தான் சொன்னாள்: "ஆறு."

மாஸ்கோவிலிருந்து வந்தவர் ஒல்லியானவர். தொப்பியைக் கழற்றவே இல்லை. குடிலைச் சுற்றிப் பார்த்தார். நாலு காயைத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். பிறகு மூன்றாம் மாடிக்கு வந்து, சுவரில் வெளிறிய வட்டத்தைப் பார்த்தார்.

"இது என்ன?"

"லேசர் ஒளி படற எடம்," என்றான் சவேலி. நீண்ட நாள் கழித்து யாரோ அதைப் பற்றிக் கேட்கிறார்களே என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

"இந்த ஒளி வெள்ளரிக்குப் போகுதா?"

"இல்லைங்க, இது..."

"போகல. அப்போ பயன்படற சூட்டுல இருந்து இவ்வளவு வெளிய ஓடுது." அவர் குறிப்பேட்டில் எழுதினார். "ஜன்னல் வழியாக் கசிவு. அடைக்கணும்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தாலாவது குரங்கு மிஞ்சும். இங்கே அதையும் விடவில்லை. மறுநாள் கசிவு ஒழிப்புக் குழு வந்து லேசரின் ஒளியைத் திருப்பியனுப்பும் இரண்டு எதிரொளிப்புக் கண்ணாடிகளையும் கழற்றியது. கழற்றினால் ஒளி நின்றுவிடும் என்று நினைத்தார்கள். நைட்ரஜன் அப்படிப்பட்ட வாயு அல்ல. கண்ணாடி இல்லாமலே, பலவீனமாக, இரு பக்கமும் பாய்ந்துகொண்டிருந்தது. காகிதத்தை நீட்டிப் பார்த்த க்லாவ்தியா தெமீதவ்னா, "எவ்வளவு பிடிவாதம்!" என்றாள். தகரம் வெட்டி வரச் சொன்னார்கள். சவேலி எந்திரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் போய் நின்றான்.

"இது லேசர்ங்க. வெளிச்சம் தர்றதுக்குத்தான் செஞ்சது. வெளிச்சத்தை அடைச்சுட்டா அப்புறம் இது என்னது?"

"சவேலி இக்னாத்திச், உணர்ச்சிவசப்படாதீங்க," என்றாள் அவள், கனிவாகவே. "வெளிச்சம் நல்லதுதான். யாரும் வேணாம்னு சொல்லல. திட்டத்துல இல்ல, அவ்வளவுதான்."

அவனை ஒதுக்கிவிட்டு இரு முனையிலும் தகரத்தை வைத்து எட்டெட்டுத் திருகாணி இறுக்கினார்கள். திறன் தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஏழாயிற்று. சான்றிதழில் அரக்கு முத்திரை விழுந்தது. கழற்றிய கண்ணாடிகளைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து, பிளானல் துணியில் சுற்றிச் சவேலி மேஜை இழுப்பறையில் வைத்தான். அந்தக் கண்ணாடிகளைத் துடைப்பதற்காக மாதாமாதம் ஒதுக்கிய இரண்டு லிட்டர் ஸ்பிரிட் மட்டும் நிற்கவில்லை. சிறந்த செயல்பாட்டுக்காக அதை மூன்று லிட்டராக உயர்த்தினார்கள்.

"கண்ணாடி போனா என்னடா," என்றான் லூக்கிச், கோப்பையைச் சாய்த்துக்கொண்டே. "துடைக்கிறதை விட்டுடக் கூடாது."

சவேலி சிரிக்கவில்லை. லூக்கிச்சும் கோப்பையைக் கீழே வைத்தான். "பொருள் பதிவேட்டைப் பார்த்தியா?" என்றான். "பாரு."

பார்த்தான். வெளிச்சம் தராத எந்திரத்தை லேசர் என்று பதிவேட்டில் வைத்திருக்க முடியாது என்று கிடங்குப் பொறுப்பாளர் அடித்துவிட்டு, 'வெந்நீர்க் கொதிகலன், மூன்றாம் வகை, ஒன்று' என்று எழுதியிருந்தார். லேசரை வாசலுக்கு வெளியே கொண்டுபோகப் பதினேழு கையெழுத்து வேண்டும். அதில் இரண்டு பேர் யாரென்றே யாருக்கும் தெரியாது. கொதிகலனுக்கு ஒரு கையெழுத்துப் போதும். அதோடு, மாஸ்கோக்காரர் போன மறுவாரம் வெள்ளரிக் கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அறிக்கை போய்ச் சேர்ந்த பிறகு கொடி எதற்கு? உபரியான கொதிகலனைத் தேவைப்படும் நிறுவனத்துக்குக் கொடுத்து உதவுவது இன்னோர் உறுதிமொழியில் இருந்தது. காசநோய் மருத்துவமனைக்கு என்று சவேலி எழுதிய சீட்டில் க்லாவ்தியா தெமீதவ்னா மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டாள்.

பிப்ரவரிக் கடைசியில் மருத்துவமனை லாரி வந்தது. வாசல்காவலர் குஸ்மிச் சீட்டைப் படித்தார், எந்திரத்தைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் படித்தார்.

"இதுல தண்ணி எங்கப்பா ஊத்தறது?"

"பின்னாடி, குஸ்மிச்."

"நல்ல பாய்லர்," என்று சொல்லி அவர் கேட்டைத் தூக்கினார். லாரி திருப்பத்தில் மறையும்வரை சவேலி தெருவில் நின்றான். அன்று அவன் சந்தோஷமாக இருந்தான். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கண்ணாடியைப் பொருத்தி லேசரைச் சரிசெய்ய அவன் நேரில் போக வேண்டும். மருத்துவமனையில் லேசர் எதுவும் பதிவில் இல்லாததால் பயண அனுமதி மறுக்கப்பட்டது. கொதிகலன் பரிசோதனை என்று மாற்றி எழுதிக் கொடுத்து, அது சுற்றி வர மூன்று வாரம் ஆயிற்று. மார்ச் நடுவில், பிளானல் துணி கோட்டின் உள்பையில் இருக்க, பேருந்தைப் பிடித்துப் போய் இறங்கினான்.

ரிம்மா கவ்ரிலவ்னா வாசலிலேயே நின்றாள். இளைத்திருந்தாள். அவனை ஆறாம் வார்டைத் தாண்டித் தலைமை மருத்துவரின் அறைக்கு அழைத்துப் போனாள்.

கதவைத் திறந்ததும் வெப்பம் முகத்தில் அடித்தது. மற்ற அறைகளில் நோயாளிகள் கோட்டோடு படுத்திருந்தார்கள். இங்கே தலைமை மருத்துவர் போர்ஃபிரி நிகானரவிச் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மூலையில், கம்பளத்தின் மேல், சவேலியின் லேசர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து போன குழாய் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த சூடேற்றியில் சேர்ந்தது. லேசரின் மேல் பின்னல் விரிப்பு, விரிப்பின் மேல் தேநீர்க் கெண்டி.

"ஆஹா, பாய்லர்க்காரர்!" என்று எழுந்தார். "அருமையான சாமான். சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. அதைக் குறைக்க முடியுமா?"

"இது ஆறாம் வார்டுக்கு வந்தது," என்றான் சவேலி. கோட்டின் உள்பையைத் தொட்டான். "இது லேசர். கண்ணாடி கொண்டு வந்திருக்கேன். ரெண்டு மணி நேரம் கொடுங்க."

"சீட்டுல பாய்லர்னு இருக்கு. பாய்லரை நான் எப்படி நுரையீரலுக்கு எழுதிக் கொடுக்கறது? அதுவும் போக, ஆறாம் வார்டுல அந்த மாதிரி நோயாளியே இப்போ கிடையாது." அவர் சுவரில் மாட்டிய விளக்கப்படத்தைப் பெருமையாகக் காட்டினார். ஒரு சிவப்புக் கோடு இறங்கி இறங்கித் தரையைத் தொட்டிருந்தது. "மருந்துக்குக் கட்டுப்படாத நோயாளிகள்: இல்லை. மாநிலத்துலயே முதல் மருத்துவமனை நாங்கதான்."

சவேலி அந்தக் கோட்டைப் பார்த்தான். ரிம்மா கவ்ரிலவ்னாவின் பக்கம் திரும்பினான்.

"நாலு பேர் இருக்காங்க," என்றாள் அவள். "போன மாசம் பட்டியல்ல இருந்து அடிச்சுட்டார். ஆளுங்க அங்கயேதான் படுத்திருக்காங்க. சூப்பு மட்டும் சமையல்காரி கள்ளத்தனமா ஊத்தறா."

"பட்டியல்ல இல்லாதவங்களைப் பத்தி என் அறைல பேச வேணாம்," என்றார் தலைமை மருத்துவர்.

சவேலி ஸ்பானரை எடுத்தான். பதினோரு வருஷமாக வாய் திறக்காத மனிதன் அப்போதும் திறக்கவில்லை. கெண்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தான், விரிப்பைச் சுருட்டி அவர் தோளில் போட்டான், மின்சாரத்தை நிறுத்தினான், குழாயைக் கழற்றினான். வெந்நீர் கம்பளத்தில் கொட்டி மேஜைக்கு அடியில் ஓடியது. போர்ஃபிரி நிகானரவிச் காலைத் தூக்கிக்கொண்டு, புகார் எழுதுவேன் என்று கத்தினார். என்னவென்று எழுதுவீர்கள் என்று ரிம்மா கவ்ரிலவ்னா கேட்டாள். அவர் யோசித்தார்.

இரண்டு பேருமாக எந்திரத்தை நடைக்கூடத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. ஆறாம் வார்டில் மூச்சு ஆவியாகத் தெரிந்தது. ஜன்னலோரப் படுக்கையில் ஜகார், ஆற்றில் மரக்கட்டை மிதக்கவிடும் வேலைக்காரன், முழங்கையை ஊன்றி எழுந்தான்.

"என்ன டாக்டரம்மா, பாய்லரையா உள்ள விடப் போறீங்க?"

"பேசாதே. பேசினா இருமுவே."

சவேலி பதினாறு திருகாணியையும் கழற்றித் தகரங்களை எடுத்தான். லேசரின் ஜன்னல்களில் தகரத்தடியில் படிந்த ஈரப் புழுதி. தன் சட்டை நுனியால் துடைத்தான். கண்ணாடிகளைப் பொருத்தி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். நைட்ரஜன் உருளை கிடையாது. காற்றிலேயே ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தானே, அது போதும் என்று எந்திரத்தோடு இருந்த பம்பைப் போட்டான். சூட்டை இழுக்கும் தண்ணீரை வார்டின் சில்லிட்டுக் கிடந்த சூடேற்றிக்குத் திருப்பிவிட்டான். மின்சாரத்தைக் கொடுத்தான். படபடவென்று அடித்தது. ரிம்மா கவ்ரிலவ்னா ஜகாரின் காய்ச்சல் அட்டையை எடுத்து லேசரின் ஜன்னலுக்கு எதிரே நீட்டினாள்.

அட்டையில் நீலம் விழுந்தது. ரூபிள் காசு அளவுக்கு, நடுங்கிக்கொண்டு. ரிம்மா கவ்ரிலவ்னா அட்டையைக் கீழே இறக்கவே இல்லை. பிறகு அலமாரியைத் திறந்து இழையை எடுத்து வந்தாள். எந்தக் காகிதத்திலும் இல்லாத லேசரை, எந்தக் காகிதத்திலும் இல்லாத நாலு பேருக்காக, ஒரு மருத்துவரும் ஒரு பாய்லர் பரிசோதகரும் இயக்க ஆரம்பித்தார்கள். பலிக்குமா என்று அவர்களுக்கும் தெரியாது.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. போர்ஃபிரி நிகானரவிச், ஈரக் காலுறையோடு, வாயையும் மூக்கையும் மூடிய துணிக்கட்டோடு நின்றார். சவேலி ஸ்பானரை இறுகப் பிடித்தான். அவர் புகார் எதுவும் கொண்டு வரவில்லை. தன் நாற்காலியைக் கொண்டு வந்திருந்தார். நோயாளிகள் யாரையும் பார்க்காமல், இரண்டு படுக்கைகளை ஒதுக்கித் தள்ளி, சூடேற்றிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"கதவைச் சாத்துங்க," என்றார். "சூடு வெளிய போகுது."